பி0171 கோடு வந்திருக்கிறதா? பார்ட்ஸ் மாற்ற ஒப்புக்கொள்ளும் முன் இதைப் படியுங்கள்

கோவையில் டர்போ கார்களுக்கென்றே பேர்போன ஒரு ஒர்க்‌ஷாப்பில் என்னிடம் 42,000 ரூபாய் கறந்துவிட்டார்கள். பழுது கடைசிவரை அப்படியேதான் இருந்தது. பழைய டர்போ பெட்ரோல் வண்டி வைத்திருக்கும் யாரும் இப்படி மாட்டக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

என்னுடையது முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர் டர்போ, 20 வால்வ், 150 குதிரைசக்தி. சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் ஏறி இறங்கியது, அப்புறம் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் வந்த கோடு பி0171, அதாவது இன்ஜின் லீனாக (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) ஓடுகிறது.

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று அதைவிட அதிகமானால் சைலன்சர் பாதையில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கண்டுபிடித்துச் சொல்லும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ பெட்ரோலைக் கூட்டும். கூட்டிக்கூட்டி எல்லையைத் தொட்டதும் விளக்கு எரியும். எங்கோ காற்று கசிந்து உள்ளே போகலாம், பெட்ரோல் குறைவாக வரலாம், காற்றை அளக்கும் மாஃப் சென்சார் தப்புக் கணக்குச் சொல்லலாம். இதில் எது என்பதை அந்தக் கோடு சொல்லாது.

ஆனால் அந்த ஒர்க்‌ஷாப்பில் எதையும் சோதிக்கவில்லை. முதலில் ஆக்சிஜன் சென்சார் 9,200. விளக்கு திரும்ப வந்தது. மாஃப் சென்சார் 13,800. மறுபடி வந்தது. பெட்ரோல் பம்ப் 12,500, இன்ஜெக்டர் கிளீனிங்கும் லேபரும் 6,500. ஒவ்வொரு முறையும் கோடை அழித்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார்கள். அழித்தால் ஈசியூ கற்றுவைத்த கணக்கும் சேர்ந்து அழிந்துவிடும். அது மறுபடி கற்றுக்கொண்டு எல்லையைத் தொடும்வரை விளக்கு எரியாது. அந்த இடைவெளியில் வண்டி சரியாகிவிட்டது என்று நாமும் நம்பிப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். கடைசியில், "ஈசியூவே போயிடுச்சு சார், யூஸ்டு ஒண்ணு 60,000 ஆகும்" என்றார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பொள்ளாச்சியில் தனியாக ஷெட் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். ஸ்பேனரைத் தொடும் முன் லேப்டாப்பைத்தான் மாட்டினார். ஸ்கோடாவுக்கான மென்பொருளில் அதே பழுது பி1136 என்று விவரமாக வந்தது. அப்புறம் ஃபியூல் ட்ரிம், அதாவது ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண்ணைப் பார்த்தார். ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது) கூட்டல் 18 சதவீதம். 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் கூட்டல் 3.

"ரேஸ் பண்ணுனா சரியாயிடுது பாருங்க தம்பி. பம்ப் மேல தப்பே இல்லைங்க, எங்கயோ காத்து இழுக்குது" என்றார்.

ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம். அதில் ஒரு சின்னக் கசிவும் பெரிய பங்கு. த்ராட்டில் திறந்ததும் அந்தப் பங்கு கரைந்துவிடும். பம்ப் பலவீனமாக இருந்தால் நேர் எதிராக, லோடு ஏற ஏறத்தான் லீனாகும். ஸ்கேனர் மாட்டி, ஐடிலிலும் ரேஸிலும் எண்ணைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். பம்ப்பை விற்றவர்களுக்கு அதற்குப் பொறுமை இல்லை.

காற்றுப் பாதைக்குள் புகையை ஏற்றிக் கசிவைத் தேடும் ஸ்மோக் டெஸ்ட் போட்டதும், இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. கிராங்க்கேஸ் ஆவியை இழுக்கும் பிசிவி ஹோஸ். மேலிருந்து பார்த்தால் முழுசாகத்தான் தெரிந்தது. கண்ணாடியும் டார்ச்சும் வைத்து அடிப்பக்கத்தைக் காட்டினார்: வளைவில் விரல் நீளத்துக்குப் பிளவு. வருடக்கணக்கில் ஆயில் ஆவியில் ஊறி ரப்பர் நொசநொசத்துப் போயிருந்தது, அழுத்தினால் கையில் கறுப்பாக ஒட்டியது. இந்த 1.8 டர்போ இன்ஜினில் இந்த ஹோஸ் போவது புதிதே இல்லை. ஹோஸ், செக் வால்வ், கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய்.

அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. பில்லில் "புதிது" என்று போட்ட ஆக்சிஜன் சென்சார் மாற்றப்படவே இல்லை. மரை துருவேறி இறுகிக் கிடந்தது, கனெக்டரில் பல வருட அழுக்கு அப்படியே அப்பியிருந்தது. முன்பு பழைய பார்ட்ஸ் கேட்டபோது "குப்பையில போட்டுட்டோம் சார்" என்று சொன்னதன் அர்த்தம் அங்கே புரிந்தது. இதைப் போய்க் கேட்டால், "வெளியில கை வெச்ச வண்டிக்கு நாங்க பொறுப்பில்லை" என்கிறார்கள்.

கோடு வந்தால் ஃபியூல் ட்ரிம் எண்களை உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்மோக் டெஸ்ட் போடாமல் சென்சார் வாங்கச் சொன்னால் வேறு இடம் பாருங்கள். பழைய பார்ட்ஸ் திரும்ப வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுத வையுங்கள். அதற்காக லீனாக ஓடும் டர்போவை விரட்டி ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். பூஸ்டில் (டர்போ காற்றை அழுத்தி அனுப்பும்போது) லீனானால் நாக்கிங், அதாவது பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பது, வந்து பிஸ்டனையே காவு வாங்கிவிடும்.

நான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019 சட்டப்படி 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. பில், ஸ்கேன் படங்கள், துருவேறிய அந்த சென்சார், பெரியவர் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாம் கையில் இருக்கின்றன. இதே மாதிரி ஏமாந்த கோவைக்காரர்கள் இருந்தால் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.