மழைச்சாலையில் டிராக் ரேடியலும் ஆல் சீசன் டயரும்

2018-இல் டாட்ஜ் சேலஞ்சர் டீமன் கார், தொழிற்சாலையிலிருந்தே 315 மி.மீ. அகலமுள்ள, நிட்டோ நிறுவனத்தின் டிராக் ரேடியல் டயர்களுடன் வந்தது. டிராக் ரேடியல் என்பது நேர்கோட்டில் கால் மைல் பாயும் டிராக் பந்தயத்துக்கான டயர். அமெரிக்கச் சாலைகளில் ஓட்ட அனுமதி பெற்றிருந்தாலும், அந்த டயர் மழைக்காக உருவானதன்று. அதன் மென்மையான ரப்பர் சூடேறிய உலர்ந்த தளத்தில் பசைபோல் ஒட்டும். குளிர்ந்த ஈரத்தில் அந்தப் பிடிப்பு பெரிதும் குறைந்துவிடும்.

எல்லாப் பருவங்களுக்குமான ஆல் சீசன் டயரில் ஏறத்தாழ 8 மி.மீ. ஆழமுள்ள பள்ளங்களும் நுண்ணிய வெட்டுகளும் நீரைப் பக்கவாட்டில் வெளியேற்றுகின்றன. டிராக் ரேடியலிலோ பள்ளங்கள் மிகச் சிலவே, அவையும் ஆழமற்றவை. அகலமான முகப்பின் முன்னே தேங்கும் நீர் வெளியேற வழியின்றி டயரையே மேலே தூக்கிவிடுகிறது. காற்றழுத்தம் இன்னொரு சிக்கல். விமான டயர்களை வைத்து நாசா வகுத்த சூத்திரத்தின்படி 32 பிஎஸ்ஐ-யில் மணிக்கு ஏறத்தாழ 94 கி.மீ. வேகத்தில் தொடங்கும் மிதப்பு, பந்தயத்துக்காக 20-ஆகக் குறைத்த டயரில் 75 கி.மீ.-யிலேயே தொடங்கிவிடும். பந்தயம் முடிந்து காற்றடிக்காமலே வீடு திரும்புபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பின்சக்கரங்களில் மட்டும் டிராக் ரேடியலை மாட்டுவது வழக்கம் என்பதால், முன்பக்கம் பிடித்திருக்கும்போதே பின்பக்கம் வழுக்கி வண்டி சுழலக்கூடும். கால் மைல் ஓட்டத்தில் ஆல் சீசன் டயர் பிடிப்பின்றிச் சுழன்று வெறுமனே புகை கிளப்பும் என்பது உண்மைதான். எனினும் மழைநாளில் என் தேர்வு அதுவே.