மீன் இனம் காண எந்தப் புத்தகம்? டே, ஜெயராம், தல்வார்–ஜிங்ரன்

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை வறுவல் கடைகளில் செதிலோடு கிடக்கிற பெரிய கெண்டை எதைக் காட்டி, "இது என்ன மீனுண்ணா?" என்று கேட்டாலும் "ரோகு" என்றுதான் பதில் வரும். பல சமயம் அது சரியாகவும் இருக்கும். சரியில்லாத சமயத்துக்குத்தான் புத்தகம் வேண்டியிருக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆறு, ஏரி, அணை மீன்களுக்கு நம்பிக் கையில் எடுக்கக்கூடியவை மூன்று. முதலாவது பிரான்சிஸ் டே 1875–78இல் வெளியிட்ட 'தி ஃபிஷஸ் ஆஃப் இந்தியா'. அடுத்தது கே.சி. ஜெயராமின் 'தி ஃபிரெஷ்வாட்டர் ஃபிஷஸ் ஆஃப் தி இந்தியன் ரீஜன்', முதல் பதிப்பு 1999, இரண்டாவது 2010. மூன்றாவது தல்வாரும் ஜிங்ரனும் சேர்ந்து 1991இல் எழுதிய 'இன்லேண்ட் ஃபிஷஸ் ஆஃப் இந்தியா அண்ட் அட்ஜசன்ட் கன்ட்ரீஸ்', இரண்டு தொகுதிகள். மூன்றும் ஆங்கிலம்தான். ஆனால் துடுப்பு, செதில், மீசை, செவுள் என்று திரும்பத் திரும்ப வரும் சொற்கள் கொஞ்சம்தான். பத்துப் பக்கம் தாண்டினால் பழகிவிடும்.

என் ஓட்டு தல்வார்–ஜிங்ரனுக்கு. காரணத்தைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்; மற்ற இரண்டையும் முதலில் முடித்துவிடலாம்.

டே புத்தகத்தின் பலம் படம். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்து, பிறகு இந்திய மீன்வளத்துக்கே தலைமை ஆய்வாளரானவர் அவர். கருப்பு வெள்ளைக் கல்லச்சுப் படங்களில் ஒவ்வொரு செதிலும் தனித்தனியாகத் தெரியும். வண்ணம் இல்லாததைக் குறையாக எடுக்க வேண்டாம். மீனின் நிறம் செத்த அரைமணியில் வெளுத்துவிடும், கலங்கல் தண்ணீரில் ஒரு மாதிரி, தெளிந்த தண்ணீரில் ஒரு மாதிரி இருக்கும். நிறத்தை நம்பி இனம் சொன்னால் ஏமாறத்தான் வேண்டும். போனில் படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகள் சறுக்குவதும் பெரும்பாலும் இங்கேதான். டேயின் எண் குறிப்புகளைப் படிப்பதும் எளிது: முதுகுத் துடுப்புக்கு 3/12 என்று போட்டிருந்தால் கிளைக்காத கதிர் (துடுப்பைத் தாங்கி நிற்கும் குச்சி மாதிரி இழை) 3, கிளைத்தது 12. காப்புரிமைக் காலம் முடிந்ததால் இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

ஆனால் அந்தப் புத்தகத்தின் காலம் 1878ஓடு நின்றுவிட்டது. மொசாம்பிக் ஜிலேபி இந்தியாவுக்கு வந்ததே 1952இல். வெள்ளிக்கெண்டையும் புல்கெண்டையும் 1959இல். இன்றைக்கு ஏரியில் வலை போட்டால் முதலில் ஏறுகிற மீனே அதில் கிடையாது. ரோகு, கட்லா, மிருகால் மூன்றும் அதில் உண்டு. ஆனால் வடக்கத்தி ஆற்று மீன்களாக. அவற்றைத் தெற்கே கொண்டுவந்து விட்டதெல்லாம் பிறகு நடந்தது. ஆக, டே சரிபார்க்க மட்டும். அதையே முதல் புத்தகமாக வைத்துக்கொள்ள முடியாது.

ஜெயராம் கச்சிதம். ஒரே தொகுதி, 2010 பதிப்பு 616 பக்கம். குடும்பம், பேரினம், இனம் என்று படிப்படியாக இறக்கிவிடும் திறவுகோல்கள்தான் அதன் உயிர்: "மீசை உண்டு, மீசை இல்லை" என்று இரண்டிரண்டு கூற்றாகக் கேட்டுக்கொண்டே போகும். கல்லூரியில் விலங்கியல் படித்தவர்களுக்கு இதுவே போதும். தூக்கிக்கொண்டு போகவும் வசதி.

இனி தல்வார்–ஜிங்ரன். இதிலும் திறவுகோல் உண்டு. மொத்தம் 930 இனங்கள். ஆனால் நான் இதன் பக்கம் சாய்வது எண்ணிக்கைக்காக இல்லை. திறவுகோல் ஒரு பெயரில் கொண்டுபோய் விட்டபின், அந்தப் பெயர் சரிதானா என்று அதே புத்தகத்திலேயே சோதித்துப் பார்க்க முடிகிறது. ஜெயராமில் இனத்துக்குச் சில வரிதான். இங்கே உடல் வடிவம், வாய், உதடு, மீசை, துடுப்புக் கதிர், செதில், எவ்வளவு வளரும், எங்கே கிடைக்கும், மீன்பிடிப்பில் என்ன மதிப்பு எல்லாம் வரிசையாக இருக்கும். பெரும்பாலானவற்றுக்குக் கோட்டுப் படமும் உண்டு. திறவுகோலில் ஒரே ஒரு கேள்விக்குத் தவறாகப் பதில் சொன்னால் போதும், வேறு ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறின கதைதான். இறங்கின இடம் தப்பு என்று தெரியவேண்டுமானால் விரிவான விவரம் வேண்டும்.

ஒரு உதாரணத்தில் இது தெளிவாகும். ரோகுவும் சேல் கெண்டையும் (லேபியோ ஃபிம்ப்ரியேட்டஸ்) ஒரே பேரினம். இரண்டுக்கும் உதட்டில் குஞ்சம் மாதிரி ஓரம் இருக்கும். ரோகுவுக்கு மேல்தாடை ஓரம் ஒரு ஜோடி சின்ன மீசை, அதுவும் பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும். சேலுக்கு இரண்டு ஜோடி. கட்டைவிரலால் உதட்டோரத்தை இழுத்துப் பார்க்காமல் "மீசை இல்லை" என்று முடிவுகட்டினால் திறவுகோல் வேறு பாதையில் இழுத்துப் போய்விடும். அப்போது கைகொடுப்பது எண்கள்: முதுகுத் துடுப்பில் கிளைத்த கதிர் ரோகுவுக்கு 12–14, சேலுக்கு 15–18, பக்கக்கோட்டில் (செவுளிலிருந்து வால்வரை உடலின் பக்கவாட்டில் ஓடும் கோடு) செதில் ரோகுவுக்கு 40–44, சேலுக்கு 44–47. செதில் 44 வந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, கதிரை எண்ணித்தான் தீர்க்க வேண்டும். ஒரு அடையாளம் கைவிட்டால் இன்னொன்று இருக்கிறது என்பதுதான் விரிவான விவரத்தின் லாபம்.

எண்ணும் முறையிலும் கவனம் வேண்டும். துடுப்பு காய்ந்தால் கதிர்கள் ஒட்டிக்கொள்ளும். நனைத்து, விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கவும். முன்னால் இருக்கும் குட்டைக் கதிர்கள் கிளைக்காதவை, அவற்றை விட்டுவிடலாம். கடைசியில் ஒரே அடியிலிருந்து இரண்டாகப் பிரிந்து நிற்பதை ஒன்றாகவே கணக்கிட வேண்டும். எண்ணிக்கை ஒன்று கூடிப்போவது அனேகமாக இங்கேதான். பக்கக்கோட்டுச் செதிலில் நடுவே சின்னத் துளை தெரியும். செவுள் திறப்புக்கு அடுத்த முதல் துளைச் செதிலிலிருந்து தொடங்கவும். வாலை லேசாக மடக்கினால் அடிப்பகுதியில் ஒரு மடிப்பு விழும், அதோடு நிறுத்தவும். அதற்கு அப்பால் வால்மேல் ஏறியிருக்கும் செதில்கள் சேராது. வலையில் செதில் உதிர்ந்திருந்தால் அது இருந்த குழியை எண்ணலாம். குண்டூசியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே எண்ணினால் விட்டுப்போகாது. 10 மடங்கு லென்ஸ் ஒன்று போதும். கடைக்காரர் செதில் சீவுவதற்கு முன்னாலேயே கேட்டுப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

விரால் வகைக்கும் இதே வழி. குறவைக்குப் பக்கக்கோட்டுச் செதில் 37–40, விராலுக்கு 50–57, பூவிராலுக்கு 60–70. மூன்றும் ஒன்றோடொன்று உரசாத எண்கள். பூவிராலின் வாலடியில் கண் மாதிரிப் புள்ளி இருக்குமே என்பீர்கள். வயசான மீனில் அது மங்கிப்போகும், செதில் எண்ணிக்கை மங்காது.

குறைகளும் உண்டு. குஞ்சுப் பண்ணைகளில் கட்லாவும் ரோகுவும் கலந்து பிறந்த கலப்பினம் வந்தால் எண்கள் நடுவாந்தரமாக விழும். எந்தப் புத்தகமும் அங்கே உதவாது. விரல் நீளக் குஞ்சுகளுக்கும் நம்பக்கூடாது. அயிரை வகைகளில் இந்தப் புத்தகத்தை நான் அவ்வளவாக வைத்துப் பார்த்ததில்லை, அதனால் அதில் உறுதியாகச் சொல்ல மாட்டேன். முதுகெல்லாம் எலும்புத் தகடும் அடியில் உறிஞ்சும் வாயுமாக வருகிற தொட்டி மீன் இதில் கிடையாது. அதை அடையாளம் பார்க்கப் புத்தகமும் வேண்டியதில்லை.

பெயர்கள் பழசாகிவிட்டன. ஜெயராம், தல்வார்–ஜிங்ரன் இரண்டுக்குமே இது பொருந்தும். புன்டியஸ் என்று ஒரே பேரினமாக இருந்த சின்னக் கெண்டைகளை 2012இல் பெத்தியா, சிஸ்டோமஸ், டாகின்சியா என்று பிரித்துவிட்டார்கள். காவிரியின் திமில் மகசீர் டோர் ரெமாதேவியை என்று உறுதிப்பட்டது 2018இல். கலிபோர்னியா அறிவியல் அகாடமியின் இணையப் பட்டியலில் இப்போதைய பெயரைப் பார்த்து, பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ள வேண்டும். எண்களும் படமும் அப்படியே நிற்கும். பெயர் மட்டும்தான் மாறுகிறது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பழைய புத்தகக் கடையில் ஒற்றைத் தொகுதி மட்டும் மலிவாக வரும். கெண்டை வகையெல்லாம் முதல் தொகுதியில். கெளுத்தி, விரால், ஜிலேபி இரண்டாவதில். ஒன்றுதான் கிடைக்கும் என்றால் முதலாவதை எடுங்கள், குழப்பமெல்லாம் கெண்டையில்தான். தண்ணீர்க்கரைக்குப் புத்தகத்தைத் தூக்கிப்போக வேண்டாம். லேபியோ, சிர்ரைனஸ் (மிருகால்), புன்டியஸ், சன்னா (விரால்) பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டால் ஈரக்கைக்குத் தாங்கும்.

கூடவே ஒன்றை இறக்கி வைத்துக்கொள்ளலாம்: இந்திய விலங்கியல் ஆய்வுத் துறை 1982இல் வெளியிட்ட காவிரி மீன் ஆய்வு, 115 பக்கம். ஒகேனக்கல், சின்னாறு, தொப்பையாறு மீன்களுக்கு 930 இனத்தில் தேடாமல் பட்டியலைச் சுருக்கிக்கொள்ள உதவும். கே.ஆர்.பி. அணைக்கும் வாணியாறுக்கும் அதை அப்படியே பொருத்தக் கூடாது. அவை தென்பெண்ணைத் தண்ணீர்.

தூண்டில் போடவே புத்தகம் தேடுகிறவர்களுக்கு எச்.எஸ். தாமஸ் எழுதியவை இரண்டு: 'தி ராட் இன் இந்தியா' (1873), 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' (1887). முதலாவதில் மகசீர் பேச்சு அதிகம். நம் ஏரிக்கரைக்கு இரண்டாவதுதான் பொருத்தம். மீன் எப்படி இரை எடுக்கும், எந்த ஆழத்தில் மேயும் என்பதெல்லாம் இன்றும் செல்லும். தூண்டில் சாமான் பற்றிய அத்தியாயங்களைத் தள்ளிவிட்டுப் போகலாம்: பட்டுப்புழு நரம்பை ஊறவைத்து முடிச்சுப் போடச் சொல்லும் காலம் அது, நைலானுக்கு அந்த வேலையே இல்லை. காவிரிக் கரையில் ஒரு பகுதி 2014 முதல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் என்பதால், தூண்டிலை எடுக்கும் முன் அந்த இடம் எல்லைக்குள் வருகிறதா என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.