மாரன்ட்ஸ் எஸ்ஏ-10, டியாக் விஆர்டிஎஸ்-701: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

விலை உயர்ந்த இரண்டு சிடி பிளேயர்களில் ஒன்றை ஒலியை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்க முடியுமா என்று கேட்டால், பெரும்பாலும் முடியாது என்றுதான் சொல்வேன். மாரன்ட்ஸ் எஸ்ஏ-10, டியாக் விஆர்டிஎஸ்-701 இரண்டும் என் வீட்டில் ஒரே ஆம்பிளிஃபையரில்தான் இணைந்திருக்கின்றன. முதலில் மலைக்கும் மடுவுக்குமாகத் தெரிந்த வித்தியாசம், மாதக்கணக்கில் கேட்கக் கேட்கத் தேய்ந்துபோய்விட்டது.

இதற்குப் பாதிக் காரணம் சத்த அளவு. சிடி பிளேயரின் வழக்கமான வெளியீடு 2 வோல்ட். உயர்ரக மாடல்கள் சில 2.5 வோல்ட் வரைகூடத் தருகின்றன. அந்த அரை வோல்ட் ஏறக்குறைய 1.9 டெசிபல். சத்தம் கூடியதாகக் காதுக்குத் தோன்றாது, ‘அட, தெளிவு கூடியிருக்கிறதே, பேஸ் நன்றாக இறங்குகிறதே’ என்றுதான் தோன்றும். எக்ஸ்எல்ஆர் என்னும் மூன்று முனை இணைப்பில் வெளியீடு இன்னும் அதிகம். ஒன்றை எக்ஸ்எல்ஆரிலும் மற்றதைச் சாதாரண ஆர்சிஏ இணைப்பிலும் மாட்டி ஒப்பிடுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. 100 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் (மாறாமல் ஒலிக்கும் ஒற்றைச் சுரம்) உள்ள ஒரு சிடி தட்டும் சாதாரண மல்டிமீட்டரும் இருந்தால் போதும். ஸ்பீக்கர் முனையில் அளந்து, இரண்டுக்கும் ஒரே வோல்ட் வரும்படி வால்யூமைக் குறித்துக்கொண்டு பிறகு கேட்கலாம்.

அப்படிச் சமன் செய்தபின் மிஞ்சுவது கொஞ்சம்தான். டியாக்கில் மிருதங்கத்தின் விரல் தட்டு சற்றுக் கறாராக விழுகிறது. மாரன்ட்ஸில் வயலினும் குரலும் அலட்டிக்கொள்ளாமல் வருகின்றன. இரண்டுமே கடையில் வாங்கிப் பொருத்திய டிஏசி சிப்பை, அதாவது டிஜிட்டல் தகவலை அனலாக் ஒலியாக மாற்றும் சிப்பை, நம்பாதவை. மாரன்ட்ஸ் எந்தச் சிடியையும் 11.2 மெகாஹெர்ட்ஸ் ஒற்றை பிட் ஓட்டமாக மாற்றி, அதிலிருந்து அனலாக் ஒலியை எடுக்கிறது. டியாக், தனித்தனி உறுப்புகளால் தானே கட்டிய டெல்டா-சிக்மா என்ற வகை மாற்றியை வைத்திருக்கிறது. தொழில்நுட்பத்தில் இவ்வளவு தூரம் விலகிப் போயும் விளைவில் இவ்வளவு நெருங்கி நிற்பதுதான் எனக்கு வியப்பு. எது ஓடுகிறது என்று பார்க்காமல் கேட்டால் பல நேரம் எனக்கே அடையாளம் தெரிவதில்லை. மாரன்ட்ஸில் டிஜிட்டல் ஃபில்டரை மாற்றும் வசதியும் உண்டு. ஆரம்பத்தில் மாற்றி மாற்றிப் பார்த்தேன். இப்போது அந்த மெனு பக்கமே போவதில்லை.

நான் காசு கொடுக்க நினைப்பது தட்டைச் சுழற்றிப் படிக்கும் இயந்திரத்துக்குத்தான்.

சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. உட்புறத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, வெளி விளிம்பை நெருங்கும்போது சுமார் 200. லேசருக்கு அடியில் தடம் எப்போதும் ஒரே வேகத்தில், நொடிக்கு 1.2 முதல் 1.4 மீட்டர் வரை, ஓட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்ற இறக்கம். தட்டு லேசாக வளைந்திருந்தால் வெளி விளிம்பில் அது மேலும் கீழுமாக ஆடும், லென்ஸ் அதைத் துரத்திக்கொண்டே இருக்கும். டியாக்கின் விஆர்டிஎஸ் அமைப்பு 1987 முதல் அந்தக் குழுமத்தின் அடையாளம். மற்ற பிளேயர்கள் தட்டின் நடுவை மட்டும் பிடிக்கும்போது, இது ஒரு சுழல் மேடையோடு தட்டைச் சேர்த்துப் பிடித்து வளைவை நிமிர்த்திவிடுகிறது. என்னிடம் உள்ள பழைய வளைந்த தட்டுகள் இதில் கடைசிப் பாட்டு வரை முணுமுணுக்காமல் ஓடுகின்றன. தட்டைப் போட்டதும் பாட்டு வர வேண்டும் என்பவருக்கு அந்தப் பிடிக்கும் சடங்கு கொஞ்சம் நீளமாகத் தெரியலாம். எனக்கு அதைக் கேட்பதே பிடிக்கும். சரி, அது என் கிறுக்கு.

மாரன்ட்ஸின் பலம் வேறு. சிடியைவிடக் கூடுதல் தகவலைத் தாங்கும் எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) தட்டையும் படிக்கும். 1999-இல் வந்த அந்த வடிவத்துக்கு 650 நானோமீட்டர் லேசர் வேண்டும், சாதாரண சிடிக்கு 780. டியாக்கில் எஸ்ஏசிடி அடுக்கு ஓடாது. ஆனால் இரண்டு அடுக்கும் உள்ள ஹைப்ரிட் தட்டாக இருந்தால் அதிலுள்ள சிடி அடுக்கு ஓடும். எஸ்ஏசிடி கையில் நிறைய வைத்திருப்பவர் யோசிக்கவே வேண்டாம், மாரன்ட்ஸ்தான். இல்லாதவர் அதற்காக வாங்குவது வீண்.

கீறல் விஷயத்தில் இரண்டுமே கில்லாடிகள், அந்தப் பெருமையில் பெரும்பங்கு சிடி வடிவத்துக்கே சேர வேண்டும். அதன் பிழைதிருத்த முறை, தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் தொலைந்தாலும் முழுமையாக மீட்டுவிடும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கிய கீறல் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. தடத்தோடு வளைந்து ஓடும் கீறல்தான் வில்லன். தட்டை வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து வெளியே நேர்கோட்டில் துடைக்கச் சொல்வது இதனால்தான்.

கணினியில் நகலெடுத்து வைத்துக்கொண்டால் பிளேயரே தேவையில்லையே என்பார்கள். பெரும்பாலும் உண்மை. 1980-களின் சில தட்டுகளில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. மேல் அலைவரிசைகளைத் தூக்கிப் பதிந்து, ‘இறக்கிக்கொள்’ என்று ஒரு குறியீடும் வைத்திருப்பார்கள். பிளேயர் அதைப் பார்த்துத் தானே சரிசெய்யும். நகலெடுத்த கோப்பில் அந்தக் குறியீடு தொலைந்துவிட்டால் பாட்டு கீச்சென்று ஒலிக்கும்.

இவற்றுக்கு முன் என்னிடம் இருந்த வேறொரு நிறுவனத்தின் உயர்ரக பிளேயர், தட்டைப் படிக்கும் லேசரும் லென்ஸும் சேர்ந்த பிக்கப் தேய்ந்து செத்தது. மற்ற எல்லாம் புதிது மாதிரியே இருந்தது. அந்தப் பிக்கப்பின் தயாரிப்பு நின்றுபோயிருந்தது, கிடைத்த போலி உதிரி சில மாதங்கள்கூடத் தாங்கவில்லை. அலுமினியப் பெட்டியும் செம்புத் திருகும் எத்தனை கிலோ இருந்தாலும், விரல்நுனி அளவு லென்ஸ் கிடைக்காவிட்டால் எல்லாம் காட்சிப் பொருள். அதனால் வாங்கும்முன் நான் கேட்கும் முதல் கேள்வி டிஏசி பற்றியதாக இருக்காது. பிக்கப் யார் தயாரிப்பு, எத்தனை ஆண்டு உதிரிபாகம் தருவார்கள், பழுது பார்க்க யார் இருக்கிறார்கள் என்பதாகத்தான் இருக்கும்.

பழைய பிளேயரை வாங்குகிறவர்கள் முதல் பாட்டைக் கேட்டுவிட்டுத் தலையாட்டக் கூடாது. 70 நிமிடத்துக்கு மேல் ஓடும் தட்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கடைசிப் பாட்டுக்குத் தாவச் சொல்லுங்கள். தட்டைப் போட்டதும் பாட்டு எண்ணிக்கை திரையில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் கவனியுங்கள். வீட்டில் எழுதிய சிடி-ஆர் ஒன்றையும் போட்டுப் பாருங்கள். அதன் பிரதிபலிப்பு அச்சுத் தட்டைவிடக் குறைவு, களைத்த லேசர் அதில்தான் முதலில் தடுமாறும். அப்புறம் தட்டை எடுக்கும்போது டிரே தயங்கினால் அவ்வளவு பயப்பட வேண்டாம், பெல்ட் மாற்றினால் சரியாகிவிடும்.