ஆச்சி வீட்டுக் காப்பகம்: 22 மாதங்களுக்குப் பிறகு

காரைக்குடியில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு இடம் தேடுகிறேன் என்றதும் தெருவில் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஏன், அப்பத்தா இல்லையா?" இருக்கிறார், முட்டி வலியோடு புதுக்கோட்டையில். 26 வார விடுப்புக்குப் பிறகு என் அம்மா வந்து ஏழு மாதம் தாங்கினார். அதற்கு மேல் அவரையும் இழுத்தடிக்க முடியவில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும் என்பது 2017 முதல் சட்டம். எங்கள் கணக்கு அலுவலகத்தில் மொத்தமே 18 பேர். ஆக, நானேதான் தேட வேண்டியிருந்தது.

முதலில் சேர்த்த இடத்தில் மூன்று வாரம்தான். வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அங்கீகார ஆணை, சுவர் முழுக்க யானையும் முயலும், கேமரா வசதி வேறு. முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் காலை 10 மணிக்குப் போனால் எந்தக் காப்பகமும் அழகாகத்தான் இருக்கும். ஒருநாள் சொல்லாமல் மதியம் 3.30க்குப் போனேன். கேமரா முன்னறையைப் பார்த்துக்கொண்டிருந்தது, பிள்ளைகள் பின்னறையில் இருந்தார்கள். இரண்டு வயது தாண்டிய பையனைச் சேலைத் தூளியில் போட்டிருந்தார்கள். அவன் அதை முறுக்கி முறுக்கி விளையாட, பக்கத்தில் ஆளே இல்லை. கழுத்தில் சேலை சுற்றிக்கொள்ள எத்தனை நொடி ஆகும்? வெளியே வரும்போதுதான் அந்த ஆணையை நிதானமாகப் படித்தேன். அதில் இருந்தது பழைய முகவரி. செல்லுபடியாகும் நாளும் எப்போதோ முடிந்திருந்தது. தப்பு என் பேரிலும்தான், கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததால் படிக்காமலே நம்பிவிட்டேன்.

தமிழ்நாட்டில் மழலையர் விளையாட்டுப் பள்ளிகளுக்கு 2015 முதல் தனி விதித்தொகுப்பு உண்டு. அடுத்து, ஆச்சி ஒருவர் தன் வீட்டிலேயே நடத்தும் காப்பகத்துக்குப் போனபோது அங்கீகார ஆணையோடு கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று எல்லாவற்றையும் கேட்டேன். ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து வைத்தார். பெயர், முகவரி, தேதி மூன்றையும் ஒவ்வொன்றிலும் விரல் வைத்துப் பார்த்தேன். "பேங்க்காரி மாதிரி பாக்கறியே ஆத்தா" என்றார். கோபமா கிண்டலா என்று இன்றுவரை தெரியாது.

காகிதம் சரி, ஆனால் செட்டிநாட்டுப் பழைய வீட்டின் ஆபத்துகள் வேறு மாதிரியானவை. உயரமான திண்ணை, முழங்கால் உயர நிலைப்படி, வளவு எனப்படும் உள்கூடத்தின் நடுவே திறந்த முற்றம், பின்கட்டில் கிணறு. ஈரம் பட்டால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் வழுக்கும். மழை பெய்தால் முற்றத்தில் நிற்கிற அரையடித் தண்ணீர் போதும், தவழும் பிள்ளைக்கு அதுவே குளம். ஆச்சி முற்றத்தைச் சுற்றி இடுப்பளவு கம்பித் தடுப்பு போட்டிருந்தார். கிணற்றுக்கு இரும்பு மூடி, அதற்குப் பூட்டு. அடுப்பு இரண்டாம் கட்டுக்கும் அப்பால். பிள்ளைகள் தூங்கும் இடத்துக்கு இரண்டு வாசல். 2004இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் போனதற்குப் பிறகும் அடுப்பு எங்கே, வாசல் எத்தனை என்று கேட்கக் கூச்சப்படுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஆள் கணக்கையும் கேட்டேன். பணியிடக் காப்பகங்களுக்காக மத்திய அரசு 2018இல் தந்த வழிகாட்டுதலில், மூன்று வயதுக்குக் கீழ் பத்துப் பிள்ளைக்கு ஒரு பணியாளர், கூட ஒரு உதவியாளர். என்னைக் கேட்டால் அதுவே நெருக்கடி. இங்கே ஒன்பது பிள்ளைகளுக்கு ஆச்சி, அவர் மருமகள், இன்னொரு அக்கா என மூன்று பேர்.

முதல் மூன்று மாதம் சளி, காய்ச்சல், மறுபடி சளி. பாதிச் சம்பளம் மருந்துக்கடைக்கே போனது. உடம்பு சுட்டால் உடனே போன் வரும், ஒரு மணி நேரத்துக்குள் அழைத்துப் போக வேண்டும். அப்போது திட்டினேன். கை, கால், வாயில் கொப்புளத்தோடு வந்த ஒரு பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பியதைப் பார்த்த அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

ஒரே ஒரு பெரிய சண்டை வந்தது, மனகோலம் என்கிற செட்டிநாட்டு இனிப்புப் பலகாரத்தால். உருண்டை உருண்டையாகத் தேங்காய்ச் சில்லும் பொட்டுக்கடலையும் கலந்து ஒன்றரை வயதுப் பிள்ளைகள் கையில் கொடுத்திருந்தார்கள். தொண்டையில் அடைத்தால் என்ன செய்வீர்கள் என்றேன். "நாலு பிள்ளை வளத்தவ நான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாளிலிருந்து சாயங்காலத்துக்கு, மாவில் மெத்தென்று கிண்டிய கும்மாயம். இரண்டு பேரும் அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

பத்தாவது மாதம் மகள் நிலைப்படியில் தடுக்கி நெற்றியில் அடிபட்டாள். விழுந்தது 11.20, போன் வந்தது 11.24. நான் போய்ச் சேர்வதற்குள் ஐஸ் ஒத்தடம் கொடுத்து, நேரத்தை நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். "என் கண்ணு முன்னாடிதான் விழுந்துச்சு, பிடிக்க முடியல" என்றார் ஆச்சி. இன்னொரு முறை கையில் பல் தடம். யார் கடித்தது என்று எவ்வளவு கேட்டும் பெயரைச் சொல்லவில்லை. நம் பிள்ளை கடித்த அன்றைக்கு நம் பெயரையும் இப்படித்தான் காத்தார் என்பது, பிற்பாடு அது நடந்தபோது புரிந்தது.

குறை உண்டு. விடுமுறை அதிகம். கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழா, முத்துமாரியம்மன் பால்குடம் என்றால் ஊரோடு காப்பகமும் பூட்டு. தைப்பூசத்துக்கு ஆச்சி பழநிக்கு நடைப்பயணம் போய்விடுவார். மருமகள் பார்த்துக்கொள்கிறார் என்றாலும் ஆள் குறைவு என்பதால் சின்னப் பிள்ளைகளை எடுப்பதில்லை. இரண்டு வருடமும் தை மாதத்தில் லீவு போட்டேன். மாதம் 4,500 ரூபாய் இரண்டாம் வருடம் 5,500 ஆனது. ஆறு மணிக்கு மேல் தாமதித்தால் தனிக் கட்டணம் கிடையாது, ஆச்சியின் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கட்டணமே தேவலை.

சேர்த்தபோது மகளுக்கு 13 மாதம். ஜூனில் பள்ளிக்கூடம். என் அலுவலகத் தோழி ஒருத்தி தன் பையனுக்கு அந்த இடத்தைக் கேட்டாள். சொன்னேன். ஆச்சி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் பொண்ணும் உன்னை மாதிரி சொல்லாம கொள்ளாம மூணரை மணிக்கு வந்து நிக்குமா?"

ஆமாம் என்றேன். "அப்ப வரச் சொல்லு."