‘போர்டு போயிடுச்சு’ என்றால் உடனே பணம் கட்டாதீர்கள்

பாகங்கள் வாங்கி நீங்களே பூட்டிய கணினி திடீரென்று ஆன் ஆகவில்லையா? சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நல்ல மதர்போர்டை (எல்லாப் பாகங்களும் பூட்டப்படும் முக்கியப் பலகை) எரிந்துவிட்டது என்று சொல்லி, புதியது ஒன்றை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன்கூடச் சுற்றவில்லை. ஆனால் போர்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பவர் சப்ளையிலிருந்து (பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம், அதாவது கணினி ஆஃபில் இருக்கும்போதும் வரும் மின்சாரம், போர்டுக்கு வருகிறது என்பதற்கு அதுவே அடையாளம். கடையில் இதைச் சொன்னதும், “அதெல்லாம் எரியும் சார், போர்டு போயிடுச்சு” என்றார்கள். வேலை நின்றுபோயிருந்தது, புது போர்டுக்கும் கூலிக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வாங்கி வந்தேன்.

கிளம்பும்போது, “இனிமே இந்தச் சின்ன பட்டன்லதான் ஆன் பண்ணணும், புது போர்டு அப்படித்தான்” என்றார்கள். அவர்கள் காட்டியது, ஓடும் கணினியை மறுபடி தொடங்க வைக்கும் ரீசெட் பட்டன்! எந்தப் போர்டும் அப்படி வருவதில்லை. வீட்டுக்கு வந்து பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். கேபினெட்டின் முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய ஒயர்களில், ‘பவர் ஸ்விட்ச்’ என்று அச்சிட்ட முனை எதிலும் செருகாமல் தொங்கிக்கொண்டிருந்தது. போர்டில் அது உட்கார வேண்டிய இரண்டு பின்களில் ரீசெட் பட்டனின் முனை இருந்தது. பழுது பட்டனில்தான் என்று கண்டுபிடித்த பிறகுதான் ஒருவர் இப்படி மாற்றிச் செருக முடியும். தெரிந்தே ஏமாற்றியிருக்கிறார்கள்.

பழைய போர்டைக் கேட்டேன். முதலில் குப்பையில் போட்டாச்சு என்றார்கள். விடாமல் கேட்டதும் அதே மாடலில் கருகிப்போன ஒன்றை எடுத்து நீட்டினார்கள். போர்டு வந்த அட்டைப்பெட்டியை நான் வைத்திருந்தேன். பெட்டியில் ஒட்டியிருந்த சீரியல் எண்ணும் அந்தப் போர்டின் எண்ணும் ஒத்துப்போகவில்லை. அதைக் காட்டிய பிறகுதான் என்னுடையது உள்ளேயிருந்து வந்தது. வீட்டில் ப்ராசசரை அதிலேயே மாட்டி, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொட்டேன். உடனே ஆன் ஆகிவிட்டது.

இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். எந்த இரண்டு பின் என்று போர்டின் கையேட்டில் படம் இருக்கும், பக்கத்துப் பின்னைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆன் ஆனால் கோளாறு பட்டனில். ஆகாவிட்டால் மின் இணைப்பைத் துண்டித்து, பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு வரும் 24 பின் கேபிளையும் ப்ராசசருக்குப் போகும் 8 பின் கேபிளையும் கழற்றி மறுபடி அழுத்திச் செருகுங்கள். அப்படியும் இல்லையென்றால் வேறொரு பவர் சப்ளையை, அதனுடன் வந்த கேபிள்களோடு மாட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கம்பெனி பவர் சப்ளையின் மாடுலர் கேபிளை (இரு முனையும் கழற்றக்கூடியது) இன்னொரு கம்பெனியுடையதில் செருகினால் பாகங்கள் எரிந்தே போகலாம். பவர் சப்ளையைத் திறக்கவே கூடாது, மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆபத்தான அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஃபேன் சுற்றித் திரை மட்டும் இருட்டாக இருந்தால் அது வேறு கதை, அங்கே ராமிலிருந்து (நினைவகம்) தொடங்குங்கள்.

கடையில் விடத்தான் வேண்டும் என்றால், போர்டு, ராம், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாவற்றின் சீரியல் எண்ணையும் படம் எடுத்து, ரசீதிலும் எழுதி வாங்குங்கள். போர்டு போய்விட்டது என்று சொன்னால், வேறு பவர் சப்ளை போட்டு உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தைக் கையோடு வாங்கிவிடுங்கள்.

பெட்டி பிரித்த போர்டைத் திரும்ப எடுக்க முடியாது என்று அந்தக் கடை இன்னும் சாதிக்கிறது. ரசீது, தொங்கிய ஒயரின் படம், இரண்டு சீரியல் எண்கள் எல்லாவற்றையும் இணைத்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்து மூலம் கடிதம் கொடுத்திருக்கிறேன்.