காலிப்பர் பெயிண்ட் பெட்டி: டர்பன் உப்புக்காற்றில் எப்படித் தாங்குகிறது?

காலிப்பர் என்பது காரின் பிரேக்கில், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரு பக்கமும் பேட்களால் கவ்வி நிறுத்தும் பாகம். அதற்குப் பூசும் பெயிண்டுக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன். பெட்டிக்குள் அதோடு வந்த பிரஷ்ஷுக்குப் பூஜ்யம். அவசரக்காரர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

என் கார் 2008ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப். தென்னாப்பிரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வரி: ஐரோப்பா எப்போதோ கைவிட்ட முதல் தலைமுறை கோல்ஃபை, அன்று யூட்டன்ஹேக் என்றும் இன்று கரீகா என்றும் அழைக்கப்படும் ஊரில், 1984 முதல் 2009 வரை இந்தப் பெயரில் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒன்றாவது கண்ணில் படும். என்னுடையது பகல் முழுவதும் மேடன் வார்ஃபில், அலுவலக வாசலில், துறைமுகத்துக் காற்றை வாங்கிக்கொண்டு நிற்கிறது. முன்சக்கரத்தில் இருப்பது வார்ப்பிரும்புக் காலிப்பர். அலாய் சக்கரத்தின் இடைவெளியில் எட்டிப் பார்த்தால் காவி நிறத்தில் செதில் செதிலாகத் துரு.

கடையில் இருவகைப் பெயிண்ட் கிடைக்கிறது. ஒன்று ஸ்ப்ரே டப்பா. இன்னொன்று பெயிண்டும் கெட்டிப்படுத்தும் திரவமும் தனித்தனியாக வந்து, கலந்து பிரஷ்ஷால் பூசுவது. என் அண்ணன் மகன் ஸ்ப்ரேயைத்தான் கையில் எடுத்தான். "அத்தை, இது ஏறக்குறைய 480 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது, பாருங்கள்" என்றான். பார்த்தேன். அந்த எண்ணில் எனக்கு மயக்கமில்லை. டாட் 4 தரப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை 230 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிப் பழசானதற்கு 155 போதும். காலிப்பருக்குள் இருக்கும் ஆயில் கொதித்தால் பெடல் தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. சாலையில் ஓடும் காரின் காலிப்பர் 480 டிகிரியைத் தொடுமானால், அப்போது பெயிண்டைப் பற்றிக் கவலைப்பட யாருக்கு நேரம் இருக்கும்?

நான் பார்த்தது வேறொன்று. பிரேக் ஆயில் சாதாரணப் பெயிண்டைக் கரைத்துவிடும். ஆயிலுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறக்கும்போதெல்லாம் இரண்டு துளி சிந்தாமல் இருக்காது. இரு திரவங்கள் கலந்து இறுகும் பெயிண்ட் அதைக் கூடுதலாகத் தாங்கும். ஸ்ப்ரே அடிப்பதென்றால் டிஸ்க், ஹோஸ், ரப்பர், சக்கரக் குழி என்று எல்லாவற்றையும் காகிதம் ஒட்டி மூடவும் வேண்டும். பிரஷ்ஷுக்கு அந்தத் தொல்லை குறைவு. எனவே பெட்டியையே வாங்கினேன். விலை ஏறக்குறைய ஒரு டாங்க் பெட்ரோல்.

பெட்டியைத் திறந்தால் பெயிண்ட் டப்பா, கெட்டிப்படுத்தும் திரவம், கலக்கும் குச்சி, கையுறை, பிரேக் கிளீனர் ஸ்ப்ரே, அப்புறம் அந்தப் பிரஷ். முதல் இழுப்பிலேயே மயிர் உதிர்ந்தது. ஈரப் பெயிண்டில் ஒட்டிய மயிரை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கும் வேலை எதிரிக்கும் வேண்டாம். வன்பொருள் கடையில் நல்ல அரை அங்குலப் பிரஷ் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். கிளீனரும் ஒரு பக்கத்துக்குத்தான் வந்தது. இன்னொரு டப்பா கையோடு இருக்கட்டும்.

உண்மையில் இந்த வேலையில் பெயிண்ட் அடிப்பது கடைசிக் கால்வாசிதான். மீதி எல்லாம் சுரண்டல். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் அடியில் ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். பிறகு கம்பி பிரஷ், அதன்பின் உப்புத்தாள், கடைசியாகக் கிளீனர். விரலால் தடவினால் கறுப்பு ஒட்டக் கூடாது. ஒட்டினால் மறுபடியும் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் பூசினால் எந்த நாட்டுப் பெயிண்டும் உரிந்துதான் வரும். காற்றுக் குழாயை வைத்துத் தூசியை ஊதித் தள்ளாதீர்கள். பழைய பிரேக்குகளில் சேர்த்த, நுரையீரலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸை இந்த நாட்டில் தடை செய்ததே 2008இல்தான். பழைய வண்டியின் பின்சக்கர பிரேக் டிரம்முக்குள் யார், எப்போது, எந்த லைனிங் (உரசும் பட்டை) போட்டார்கள் என்று எப்படித் தெரியும்? ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடலாம். கிளீனர் தீப்பற்றும் பொருள் என்பதால் பக்கத்தில் பிராய் என்னும் இறைச்சி சுடும் அடுப்பு எரியக் கூடாது. சனிக்கிழமை மதியத்தில் எங்கள் தெருவில் அது இல்லாத வீட்டைக் காண்பது அரிது என்பதால் சொல்கிறேன்.

பெயிண்ட் படக் கூடாத இடங்கள்: பேட்டை அழுத்தும் பிஸ்டனும் அதைச் சுற்றிய ரப்பரும், காலிப்பர் நகரும் பின்கள், பேட் உட்காரும் விளிம்புகள், நிப்பிளின் துளை, டிஸ்க்கின் முகம். பேட் விளிம்பில் பெயிண்ட் ஏறினால் பேட் இறுகி நின்று பிரேக் உரசிக்கொண்டே இருக்கும். காலிப்பரைக் கழற்றிப் பூசுவோர் அதைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும், ஹோஸில் தொங்கவிடக் கூடாது. நான் கழற்றவே இல்லை.

இனி பெயிண்ட். இதைப் புகழத்தான் வேண்டும். தேன் போல மெதுவாக ஓடித் தானே சமமாகிவிடுகிறது. பிரஷ் கோடு தெரியவில்லை. இரண்டு மெல்லிய பூச்சு போதும். தடித்துப் பூசினால் கீழ் விளிம்பில் சொட்டு நின்றுவிடும். கலந்துவிட்டால் சில மணி நேரத்தில் டப்பாவிலேயே கல்லாகிவிடும், எடுத்து வைக்க வழியில்லை. அதனால் முன்பக்கம் முடிந்ததும் பின்சக்கர டிரம்மின் வளைந்த புறத்துக்கும் பூசிவிட்டேன். சக்கரம் பொருந்தும் முகத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். அங்கே பெயிண்ட் இருந்தால் போல்ட்டின் இறுக்கம் நாளடைவில் தளரும்.

நிறத்தில் வீட்டுக்குள் ஒரு வழக்கு நடந்தது. அண்ணன் மகனுக்குச் சிவப்பு வேண்டும். ஒற்றைப் பிஸ்டன் காலிப்பருக்குச் சிவப்படித்து, மேலே இத்தாலியப் பந்தய பிரேக் கம்பெனியின் ஸ்டிக்கரும் ஒட்டிக்கொண்டு ஹிகின்சன் ஹைவேயில் போகும் வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கருஞ்சாம்பல் வாங்கினேன். பிரேக் தூசி படிந்தாலும் அதில் தெரியாது. "இதை அடித்தது யாருக்குத் தெரியும் அத்தை?" என்றான். துருவுக்குத் தெரிந்தால் போதும் என்றேன்.

பருவம் பார்த்துச் செய்யுங்கள். தைப்பூசக் காவடி சமயம் இங்கே கோடைமழையும் புழுக்கமும். ஜூன், ஜூலையின் வறண்ட குளிரில் பூசி, ஒரு முழு நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் நன்றாக இறுகுகிறது. பிறகு முதல் சில நிறுத்தங்களை மெதுவாகப் பழக்கி, சக்கர போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

சூட்டுக்கு என் சோதனை ஃபீல்ட்ஸ் ஹில். க்ளூஃபிலிருந்து பைன்டவுனுக்கு இறங்கும் அந்தச் சரிவில் 2013இல் ஒரு லாரி பிரேக் பிடிக்காமல் வந்து மோதி 24 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பெரிய லாரிகளுக்கு அங்கே தடை. இரண்டாம் கியரில் இறங்குவதுதான் என் வழக்கம். சோதனைக்காக அன்று மட்டும், பின்னால் வண்டி எதுவும் இல்லாத நேரத்தில், பிரேக்கையே கூடுதலாக நம்பி இறங்கினேன். அடிவாரத்தில் சக்கரத்தருகே கை வைத்தால் அனல் அடித்தது. குமிழியும் இல்லை, நிறம் மங்கவும் இல்லை.

ஒரு கோடை முழுக்கத் துறைமுகக் காற்றில் நின்ற பிறகு, கல் தெறித்த ஓரிடத்தில் மட்டும் புள்ளியாகத் துரு எட்டிப் பார்க்கிறது. மற்றபடி தண்ணீர் பீய்ச்சினால் தூசி வழுக்கிக்கொண்டு போகிறது. காலிப்பரில் ஆயில் கசிகிறது என்றாலோ பிஸ்டன் சிக்குகிறது என்றாலோ இந்தப் பெட்டியை வாங்காதீர்கள். அந்தப் பணத்தை மெக்கானிக்கிடம் கொடுங்கள்.