ஆறு வருஷ வீட்டுப் பட்டறை: எந்தக் கருவி உழைத்தது, எதில் பணம் போனது

திருவொற்றியூரில் வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட ஏழடிக்கு எட்டடி இடம்தான் என் பட்டறை. கடல் அரை கிலோமீட்டர்கூட இல்லை. 2019-ல் ஆரம்பித்தேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம், ஞாயிறு என்றால் முழு நாளும் இரும்போடுதான். கேட் கீல், பூந்தொட்டி ஸ்டாண்டு, பக்கத்து வீட்டு முறுக்கு உரலுக்குப் புதுக் கைப்பிடி என்று நிறைய செய்தாகிவிட்டது. இந்த ஆசை உள்ளவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மெஷின் வாங்கலாம் என்று. முதல் பணத்தை வைஸுக்கும் (இரும்பை இறுகப் பிடிக்கும் பிடி) வெர்னியருக்கும் (நுட்பமாக அளக்கும் கருவி) போடுங்கள் என்பேன்.

நான் முதலில் வாங்கியது மூன்று அங்குல வைஸ். புதுசு, பளபளப்பாக இருந்தது. ஹேக்ஸாவால் அறுத்தால் முன் தாடை லேசாக மேலே தூக்கும், பட்டை நழுவும், பிளேடு படக்கென்று ஒடியும். ஒரே மாதத்தில் ஒன்பது பிளேடு போனது. குறை என் கையில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வியாசர்பாடியில் ஒரு காயலான் கடையில், துருவேறிய ஐந்து அங்குல வைஸ் கிடைத்தது. எடைக்கு எடை, பதினாறு கிலோ. மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டுத் தேய்த்தேன். அன்றிலிருந்து பிளேடு ஒடிவது அபூர்வம். பழைய வைஸ் வாங்கும்போது முன் தாடையை முக்கால்வாசி திறந்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். திருகின் மரை நடுப்பகுதியில் தேய்ந்து கத்திபோல் கூராகியிருந்தால் வேண்டாம். உடம்பில் வெல்டிங் தழும்பு இருந்தாலும் வேண்டாம். வார்ப்பிரும்பு ஒருமுறை விரிசல் விட்டால் பெரும்பாலும் அதே இடத்தில் மறுபடி விடும்.

டிரில் கதைதான் பெரியது. ஆன்லைனில் விலை குறைவாக ஒரு பெஞ்ச் டிரில் வாங்கினேன். பத்து மில்லிமீட்டர் பட்டையில் எம்8 மரை (8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கானது) போட வேண்டும் என்றால் 6.8 மில்லிமீட்டர் பிட்டில் துளை போடுவது கணக்கு. போட்டேன், மரை வெட்டும் டேப்பும் சுலபமாக இறங்கியது. போல்ட்டை இறுக்கியதும் மரை முழுக்க உருவிக்கொண்டு வந்துவிட்டது. வெர்னியரை உள்ளே விட்டால் துளை 7.2 காட்டுகிறது. அதே பிட், அதே பட்டை, நாலு துளையிலும் இப்படித்தான். டிரில்லைத் தூக்கிக்கொண்டு தேரடிப் பக்கம் லேத்து (கடைசல் மெஷின்) பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை வைத்தார். பிட்டைக் கவ்வும் சக்கில் பிடித்த கம்பி கால் மில்லிமீட்டர் ஆடியது. பிறகு கைப்பிடியை அழுத்திக்கொண்டே சொன்னார்: “சக்கை மாத்திடலாம் தம்பி. தூணைப் பாரு, அழுத்துனா டேபிளே தலை குனியுது. இதை எப்படி மாத்துவ?” விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டேன்.

இப்போது இருப்பது மணலியில் மூடிய ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்த, 13 மில்லிமீட்டர் பிட் வரை பிடிக்கும் பில்லர் டிரில். அரை குதிரைத்திறன் மோட்டார், எல்லாம் வார்ப்பிரும்பு. இறக்கிவைக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. ஒன்பதாயிரம் கொடுத்தேன். லிங்கி செட்டித் தெருவில் இரண்டு பேரிங், ஒரு பெல்ட் வாங்கிப் போட்டேன். நாலு வருஷமாகச் சொன்ன இடத்தில் துளை போடுகிறது. பெல்ட்டை மாற்றி வேகத்தைக் குறைக்க மட்டும் சோம்பல்படாதீர்கள். மைல்டு ஸ்டீலில் பத்து மில்லிமீட்டர் பிட்டுக்கு நிமிஷத்துக்குச் சுமார் 800 சுற்று போதும். எழுத்துகூட இல்லாத மலிவு பிட் செட் மூன்று வாங்கிய காசுக்கு, அடிசன் கம்பெனியின் ஹெச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீடு ஸ்டீல்) பிட்டுகளை நமக்கு வேண்டிய அளவில் மட்டும் தனித்தனியாக வாங்கியிருக்கலாம். இப்போது அப்படித்தான் வாங்குகிறேன்.

ஆங்கிள் கிரைண்டர் எந்த நல்ல கம்பெனியுடையதும் சரிதான், நாலு அங்குலம் போதும். கட்டிங் டிஸ்க்கில் மட்டும் காசு பார்க்காதீர்கள். நடு வளையத்தில் காலாவதி மாதம் அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுற்று சுற்றுவது. டிஸ்க்கை மறைக்கும் கார்டைக் கழற்றிவிட்டு வேலை செய்வதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வெல்டிங்குக்கு 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வைத்திருக்கிறேன். வீட்டு சிங்கிள் ஃபேஸில், 16 ஆம்பியர் பிளக்கில், 2.5 மில்லிமீட்டர் 6013 ரக வெல்டிங் ராடு 80 ஆம்பியரில் நன்றாக ஓடுகிறது. 3.15 ராடு போட்டு ஏற்றினால் டிரிப் ஆகிவிடும். ஆக, பெட்டியில் போட்டிருக்கும் 200-ஐ என் வீட்டில் ஒருநாளும் நான் தொட்டதில்லை. ஜி.ஐ. பைப் என்றால் பற்றவைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, வெட்டவெளியில்தான் பற்றவைப்பேன். அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும்.

எங்கள் ஊரில் கருவிக்கு முதல் எதிரி உப்புக்காற்று. அரத்தைத் துடைக்காமல் விட்டால் மூன்றாம் நாள் செம்பழுப்பு ஏறிவிடும். தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தேன், கொஞ்ச நாளில் பிசுபிசுவென்று ஒட்டித் தூசியைச் சேர்த்துக்கொண்டது. இப்போது வேலை முடிந்ததும் மெஷின் ஆயில் தொட்ட துணியால் ஒரு துடை. ராடுகள் மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை. பட்டறைக்குள் முழங்கால் தண்ணீர். அந்தச் சமயம் பார்த்து டிரில் மோட்டாரைப் பெல்ட் மாற்றக் கழற்றித் தரையில் வைத்திருந்தேன். இரண்டு நாள் சேற்றுத் தண்ணீரில் கிடந்தது. உலர்த்தாமல் சுவிட்சைப் போடாததால் சுருள் பிழைத்தது. ரீவைண்டிங் கடையில் காயவைத்து வார்னிஷ் அடித்து, பேரிங் மாற்றித் தந்தார்கள். இப்போது மோட்டார், வெல்டிங் மெஷின், பிளக் எல்லாம் இடுப்புக்கு மேலேதான்.

லேத்து வாங்கவில்லை. ஆசை நிறைய உண்டு. ஆனால் லேத்துக்குக் கொடுக்கும் பணம் தொடக்கம்தான், சக்கு, டூல், அளவுக்கருவி என்று இன்னும் அவ்வளவு கேட்கும். என்ஃபீல்டு, லேலண்டு என்று பெரிய தொழிற்சாலைகள் வந்த இந்தப் பகுதியில் கடைசல் தெரிந்த கைகளுக்கும் குறைவில்லை. போன வாரம்கூட ஒரு வெண்கல புஷ்ஷுக்கு (அச்சு சுழல உள்ளே செருகும் வளையம்) படம் வரைந்து அண்ணனிடம் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் கடைந்து, விரலால் அழுத்தினால் இறங்கும் அளவுக்குக் கொடுத்தார்.